முதலில் ஒப்பந்தம், பிறகு விசா: ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் வழி

ஜெர்மனியில் தொழிற்பயிற்சி பெற விரும்பும் பலர் அதை ஒரு கல்லூரியில் சேர்வதைப் போலவே நினைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கல்லூரி நல்லது, கட்டணம் எவ்வளவு, சேர்க்கை எந்த மாதம் என்பவையே அவர்களுடைய முதல் கேள்விகளாக இருக்கின்றன. ஆனால் அவுஸ்பில்டுங் என்று ஜெர்மானியர்கள் அழைக்கும் இந்தப் பயிற்சியில், பெரும்பாலான தொழில்களுக்கு இடம் கொடுப்பது ஒரு நிறுவனம்தான். அது பேக்கரியாக இருக்கலாம், மின்பணி செய்யும் சிறு நிறுவனமாகவோ ஓட்டலாகவோ பெரிய தொழிற்சாலையாகவோ இருக்கலாம். அந்த நிறுவனத்தோடு நீங்கள் ஒப்பந்தம் செய்துகொள்கிறீர்கள். அது உங்களுக்கு மாதந்தோறும் ஊதியம் தருவதோடு, வாரத்தில் ஓரிரு நாள்களோ, சில வாரங்கள் சேர்ந்தாற்போலவோ உங்களைத் தொழிற்பள்ளிக்கும் அனுப்புகிறது. ஆகவே நீங்கள் எழுதப்போவது ஒரு முதலாளிக்கு எழுதும் வேலை விண்ணப்பம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது, யாரிடம் பணம் கொடுக்கக் கூடாது என்பவற்றில் பெரும்பாலும் குழப்பம் வராது.

நிறுவனமும் தொழிற்பள்ளியும் சேர்ந்து நடத்தும் இந்த முறையை இரட்டைப் பயிற்சி முறை என்கிறார்கள். 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் இதற்கு அடிப்படை. அங்கீகரிக்கப்பட்ட 300க்கும் மேற்பட்ட தொழில்கள் இந்த முறையில் கற்றுத்தரப்படுகின்றன. தொழிலைப் பொறுத்துப் பயிற்சி இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் நீடிக்கும். கடை விற்பனையாளருக்கு இரண்டு ஆண்டுகள், சமையற்கலைஞருக்கும் கணினித் தொழில்நுட்பருக்கும் மூன்று ஆண்டுகள், இயந்திரப்பணியும் மின்னணுவியலும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் பணியாளருக்கும் மின்பணியாளருக்கும் மூன்றரை ஆண்டுகள் ஆகும். இதற்கு வெளியே, முழுக்கப் பள்ளி வழியாகவே நடக்கும் பயிற்சிகளும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு ஊதியம் கிடையாது. தனியார் பள்ளியானால் கட்டணமும் இருக்கலாம். செவிலியர் பயிற்சி தனிச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதில் மூன்று ஆண்டுகளில் குறைந்தது 2,100 மணி நேர வகுப்பும் 2,500 மணி நேர நடைமுறைப் பயிற்சியும் இருக்க வேண்டும், ஊதியமும் உண்டு.

மொழி

மொழித்திறனை ஐரோப்பாவில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள், ஏ1 தொடக்க நிலை. விசாவுக்கான சட்டம் பொதுவாகக் கேட்பது பி1 நிலை ஜெர்மன். பயிற்சி தரும் நிறுவனமே உங்கள் மொழித்திறன் போதும் என்று உறுதிசெய்தாலோ, பயிற்சிக்கு முன் ஜெர்மனியிலேயே ஆயத்த மொழி வகுப்பில் சேர்வதாக இருந்தாலோ சட்டம் சற்று இளகிக்கொடுக்கிறது. ஆனால் சட்டம் கேட்பது ஒன்று, தொழிற்பள்ளி கேட்பது இன்னொன்று என்பதை மறக்க வேண்டாம். பள்ளியில் பாடம் நடத்துபவர் உள்ளூர் மாணவர்களின் வேகத்திலேயே பேசுவார். தேர்வுத்தாளில் ஒரு வினாவே ஐந்தாறு வரிக்கு நீளும். இறுதித் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். பயிற்சியைப் பாதியில் விட்டவர்களில் கைவேலை வராமல் விட்டவர்களைவிட, வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் சோர்ந்துபோனவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் பி1 சான்றிதழோடு நின்றுவிடாமல் பி2 வரை படித்துவிட்டே புறப்படுங்கள் என்பது என் உறுதியான கருத்து. செவிலியர் பள்ளிகளில் பல, சட்டம் என்ன சொன்னாலும், பி2 இல்லாதவரைச் சேர்ப்பதில்லை.

சான்றிதழ் கொயெத்தே நிலையம், டெல்க், ஓஎஸ்டி போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுடையதாக இருக்க வேண்டும். வகுப்பு நடத்தும் பயிற்சி மையம் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழைத் தூதரகம் ஏற்காது. கொயெத்தே நிலையத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 புள்ளிகள் எடுக்க வேண்டும். ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முழுத் தேர்வுக்கும் மறுபடி பணம் கட்டிவிடுகிறார்கள்.

எங்கே தேடுவது

தேடலைத் தொழிலிலிருந்து தொடங்குங்கள். ஊரிலிருந்து தொடங்க வேண்டாம். ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமை நடத்தும் பெரூஃபெநெட் என்ற தளத்தில், ஒவ்வொரு தொழிலிலும் நாள் முழுவதும் என்ன செய்ய வேண்டியிருக்கும், எங்கே நின்று செய்ய வேண்டியிருக்கும், எந்தப் பாடங்கள் தேவை என்பவை விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அந்தப் பக்கத்தை ஜெர்மன் மொழியில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது முழுவதும் படியுங்கள். நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு விடை அங்கேயே இருக்கும்.

இடங்களைத் தேட அதே முகமையின் பயிற்சியிடத் தேடல் தளம்தான் மிகப் பெரியது. வெளிநாட்டவருக்காகக் கூட்டாட்சி அரசு நடத்தும் மேக் இட் இன் ஜெர்மனி தளத்தில் விசா விதிகளோடு காலியிடங்களும் கிடைக்கின்றன. இவற்றோடு தொழில் வணிகக் கழகங்களும் கைவினைக் கழகங்களும் தங்கள் பகுதிக்கெனத் தனித்தனியாகப் பயிற்சியிடப் பட்டியல்களை வைத்திருக்கின்றன. நாடு முழுவதும் 79 தொழில் வணிகக் கழகங்களும் 53 கைவினைக் கழகங்களும் உள்ளன. கைவினைக் கழகப் பட்டியலைப் பலரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. குழாய்ப்பணி, வெப்பமூட்டி, கூரைவேலை, இறைச்சிக்கடை, பேக்கரி போன்றவற்றில் இடம் நிரம்பாமல் தவிக்கும் சிறு நிறுவனங்களை அங்கேதான் காணலாம். ஐந்து பேரோ பத்துப் பேரோ வேலை செய்யும் அத்தகைய நிறுவனத்தில் உங்கள் கடிதத்தை முதலாளியே படிப்பார். பெயர்பெற்ற கார் நிறுவனத்துக்கு மட்டும் நூறு பேரோடு போட்டி போட்டுவிட்டு ஓய்ந்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு விளம்பரத்தை எடுத்துப் பார்ப்போம். தலைப்பில் தொழிலின் பெயருக்குப் பிறகு எம், டபிள்யூ, டி என மூன்று எழுத்துகள் இருக்கும். ஆண், பெண், பிற பாலினத்தவர் யாரும் விண்ணப்பிக்கலாம் என்பதே அதன் பொருள். அடுத்துப் பயிற்சி தொடங்கும் நாள் இருக்கும். அது பெரும்பாலும் ஆகஸ்ட் 1 அல்லது செப்டம்பர் 1. பிறகு பள்ளிக் கல்வித் தகுதி வரும். ஹௌப்ட்ஷூல் என்று தொடங்கினால் ஒன்பது ஆண்டுப் பள்ளிப்படிப்பு, மிட்லரர் அல்லது ரியால்ஷூல் என்றால் பத்து ஆண்டு, அபிட்டூர் என்றால் பல்கலைக்கழகத்தில் நுழையத் தகுதி தரும் படிப்பு என்று புரிந்துகொள்ளுங்கள். இரட்டை முறைப் பயிற்சிக்குச் சட்டம் எந்தப் பள்ளிச் சான்றிதழையும் கட்டாயமாக்கவில்லை, நிறுவனமே முடிவுசெய்கிறது. செவிலியர் பயிற்சி அப்படியன்று. அங்கே பத்தாண்டுப் பள்ளிப்படிப்போ அதற்கு இணையான தகுதியோ சட்டப்படி தேவை, உங்கள் சான்றிதழை அந்த மாநிலத்தின் அதிகாரி மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். விளம்பரத்தின் அடியில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தை அவருக்கே எழுத வேண்டும்.

காலக் கணக்கும் முக்கியம். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரிய தொழிற்சாலைகள் ஓராண்டுக்கும் முன்பே ஆள் எடுத்துவிடும். சிறு நிறுவனங்கள் கடைசி மாதங்கள் வரை தேடும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு விசாவுக்கே பல மாதங்கள் போகும் என்பதால், செப்டம்பரில் தொடங்க நினைப்பவர் முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே கடிதங்களை அனுப்பத் தொடங்குவது நல்லது. செவிலியர் பள்ளிகளில் பல ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குவதால் அங்கே வாய்ப்புச் சற்று அதிகம்.

கடிதம்

எல்லாம் சரியாக இருந்தும் பதிலே வராமல் போவதற்குப் பெரும்பாலும் கடிதமே காரணம். விண்ணப்பம் என்பது ஒரு பக்கக் கடிதம், அட்டவணை வடிவில் ஓரிரு பக்கத் தன்விவரக் குறிப்பு, பள்ளிச் சான்றிதழ்களும் அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும், மொழிச் சான்றிதழ், வேலை அனுபவம் இருந்தால் அதற்கான சான்று ஆகியவை சேர்ந்தது. இவற்றை இதே வரிசையில் ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்து, கோப்புக்கு உங்கள் பெயரையும் தொழிலின் பெயரையும் இட்டு அனுப்புங்கள். எட்டுத் தனிக் கோப்புகளை, அவற்றிலும் சிலவற்றைக் கைப்பேசியில் சாய்வாக எடுத்த படங்களாக, அனுப்பினால் யாரும் பொறுமையாகத் திறந்து பார்க்க மாட்டார்கள். புகைப்படம் கட்டாயமில்லை, ஆனாலும் பல நிறுவனங்களில் இன்னமும் எதிர்பார்க்கிறார்கள், எனவே நன்றாக எடுத்த ஒரு படத்தை வைப்பதில் தவறில்லை. தன்விவரக் குறிப்பின் அடியில் ஊர், தேதி, கையெழுத்து ஆகிய மூன்றும் இருப்பது ஜெர்மானிய வழக்கம்.

பார்த்துச் சொல்லும்படி என்னிடம் வரும் கடிதங்களில் மிகப் பல, "இதன்மூலம் நான் உங்கள் நிறுவனத்தில் பயிற்சியிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன்" என்றுதான் தொடங்குகின்றன. அடுத்த வரியில் ஜெர்மனி ஒரு வளர்ந்த நாடு என்றும், அங்கே வாழ்வது தன் சிறுவயதுக் கனவு என்றும் இருக்கும். படிப்பவருக்குத் தன் நாடு எப்படிப்பட்டது என்று தெரியும். அவருக்குத் தெரியாதது நீங்கள் யார் என்பதுதான். வெப்பமூட்டி, குளிரூட்டித் தொழில்நுட்பத்துக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞரின் கடிதமும் முதலில் இப்படித்தான் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் அவர் ஓராண்டு வேலை செய்திருந்தார். அது தன்விவரக் குறிப்பில் ஒரே வரியாக ஒளிந்துகிடந்தது. கடிதத்தை இப்படி மாற்றி எழுதினோம்: "ஓராண்டாகப் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். வாயு கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதும், செம்புக் குழாயைப் பற்றவைத்து இணைப்பதும் எனக்குத் தெரியும். அழுத்தம் ஏன் குறைகிறது என்பதற்கான கணக்கை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதைக் கற்றுக்கொள்ளவே உங்களிடம் வர விரும்புகிறேன்." அந்தத் தொழில் செய்பவர் இதைப் படித்தால், இந்தப் பையன் கையில் கருவி பிடித்தவன் என்பது அவருக்கு உடனே புரிந்துவிடும்.

வேலை அனுபவம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொண்டது, சமையலறையில் உதவியது, மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டியது என எதுவானாலும் உண்மையாகவும் விவரமாகவும் எழுதினால் போதும். கூடவே, அந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் படித்து, அவர்கள் செய்யும் வேலையில் எது உங்களை ஈர்க்கிறது என்று இரண்டு வரியாவது எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியிடம் முழுக் கடிதத்தையும் ஒப்படைத்துவிட வேண்டாம். கடிதத்தில் சி1 நிலைக்குரிய வாக்கியங்களை எழுதிவிட்டு நேர்காணலில் பி1 நிலையில் தடுமாறினால், உங்கள்மேல் வைத்த நம்பிக்கை அந்த நிமிடமே போய்விடும். எளிய வாக்கியங்களை நீங்களே எழுதி, ஆசிரியரிடம் பிழை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

அனுப்பி இரண்டு மூன்று வாரங்கள் ஆகியும் பதில் இல்லையென்றால் மரியாதையாகத் தொலைபேசியில் விசாரிக்கலாம். அவர்கள் அதைத் தொந்தரவாகக் கருதுவதில்லை. நீங்கள் ஜெர்மனில் பேசுவீர்கள் என்பதற்கு அந்த அழைப்பே சான்றாகிவிடும்.

நேர்காணல் பெரும்பாலும் காணொளியில் நடக்கும். ஏன் இந்தத் தொழில், ஏன் எங்கள் நிறுவனம், வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்து தனியாக இருக்க முடியுமா என்பவை எப்படியும் வரும். புரியாத கேள்விக்குத் தலையாட்டாமல், இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டுவிடுங்கள். பட்டறையிலும் மருத்துவமனையிலும் புரியாமல் ஆமாம் சொல்பவரைத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள்.

ஒப்பந்தமும் ஊதியமும்

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைத் தொழில் வணிகக் கழகமோ கைவினைக் கழகமோ தன் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பயிற்சி நிறுவனத்தின் பெயர், தொழில், தொடங்கும் நாள், முடியும் நாள், வேலை நேரம், விடுப்பு, ஊதியம், சோதனைக் காலம் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரட்டை முறையில் சோதனைக் காலம் குறைந்தது ஒரு மாதம், அதிகம் நான்கு மாதம். அந்தக் காலத்தில் இரு தரப்பும் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அதற்குப் பிறகு கடுமையான காரணம் இல்லாமல் நிறுவனம் உங்களை வெளியே அனுப்ப முடியாது.

2026இல் தொடங்கும் பயிற்சிகளுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் முதலாண்டில் மாதம் 724 யூரோ, இரண்டாம் ஆண்டில் 854, மூன்றாம் ஆண்டில் 977, நான்காம் ஆண்டில் 1,014. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள துறைகளில் இதைவிட மிகுதியாகக் கிடைக்கும். பொதுத்துறை மருத்துவமனைகளின் செவிலியர் பயிற்சியில் முதலாண்டிலேயே 1,300 யூரோவுக்கு மேல் தருகிறார்கள். இவை பிடித்தத்துக்கு முந்தைய தொகைகள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் முதலியவற்றுக்காக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஊதியம் வாழ்க்கைச் செலவுக்குப் போதாது என்று விசா அதிகாரி கருதினால், குறையும் தொகையை பிளாக்டு அக்கவுண்ட் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) வழியாகவோ, உங்கள் செலவை ஏற்பதாக ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் எழுதித்தரும் பொறுப்புறுதி வழியாகவோ காட்ட வேண்டும். நிறுவனம் தங்குமிடம் தருகிறதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். முதலாண்டு ஊதியத்தில் பெருநகரத்தில் வாடகை கொடுத்து வாழ்வது மிகக் கடினம். சிறு நகரத்தில் அதே பணம் ஓரளவு போதும்.

இங்கே பணம் கேட்பவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயிற்சி பெறுபவர் பயிற்சிக்காக நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், தொழிற்பயிற்சிச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி அந்த விதி செல்லாது. பயிற்சிக்கும் தேர்வுக்கும் தேவையான கருவிகளையும் பொருள்களையும்கூட நிறுவனமே இலவசமாகத் தர வேண்டும். ஆகவே, இடம் உறுதி, லட்சக்கணக்கில் கட்டுங்கள் என்று ஒரு தரகர் சொன்னால், நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சொன்னால், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, உங்கள் பெயரில் உண்மையிலேயே ஒப்பந்தம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நகையை அடகுவைத்துப் பணம் கட்டிவிட்டு, வராத கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களை நினைத்தே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மொழி வகுப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் பணம் கொடுப்பது நியாயம். இடத்துக்குப் பணம் கொடுப்பது நியாயமில்லை.

விசா

ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு, வசிப்புரிமைச் சட்டத்தின் 16ஏ பிரிவின் கீழ் நீண்ட காலம் தங்குவதற்கான தேசிய விசாவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். கட்டணம் 75 யூரோ. ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணையத் தூதரகச் சேவைத் தளத்தில் 2025 முதல் இதற்கு இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆவணங்களை அங்கே ஏற்றிய பிறகு, நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். நிறுவனத்தில் நடக்கும் பயிற்சிக்கு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவை. அதைத் தூதரகமே கேட்டுப் பெறும். அவசரமானால், உங்கள் நிறுவனம் தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். பல சிறு நிறுவனங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்கள்தான் பணிவோடு எடுத்துச்சொல்ல வேண்டும்.

விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். எனவே முதல் முறையிலேயே ஆவணங்களைக் குறையில்லாமல் கொடுங்கள். பள்ளிப்படிப்புக்கும் பயிற்சிக்கும் இடையில் ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்பதையும், பட்டம் பெற்றவரானால் பட்டத்துக்குப் பிறகு ஏன் இந்தப் பயிற்சி என்பதையும் ஒரு விளக்கக் கடிதத்தில் நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தம் இல்லாமலே ஜெர்மனிக்குப் போய் இடம் தேட அதே வசிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒன்பது மாதம் வரை அனுமதி தருகிறது. வயது 35க்குள் இருக்க வேண்டும். பி1 ஜெர்மன் வேண்டும். பல்கலைக்கழகத்தில் நுழையத் தகுதி தரும் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். அத்தனை மாதச் செலவுக்கும் பணம் காட்ட வேண்டும். வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், நிறுவனங்களில் சோதனையாகவும் பணியாற்றிப் பார்க்கலாம். ஆனால் கையில் இருக்கும் பணம் கரைந்துகொண்டிருக்கும்போது தேடுவது மனத்தை வாட்டும். எழுதியும் பேசியும் வெளியிலிருந்தே முயன்று பார்த்த பிறகே இந்த வழியை எடுக்கச் சொல்வேன்.

போய்ச் சேர்ந்ததும்

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவுசெய்யுங்கள். விசா முடியும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். செவிலியர் பயிற்சிக்குப் போகிறவர்களிடம் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள். அதை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பயிற்சியோடு வாரம் 20 மணி நேரம் வரை வேறு வேலை செய்ய அனுமதி உண்டு, ஆனாலும் முதலாண்டில் அந்த நேரத்தை மொழிக்கே கொடுப்பது நல்லது. உங்கள் தவறில்லாமல் பயிற்சி நின்றுபோனால் அஞ்ச வேண்டாம். வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பயிற்சியை முடித்துத் தேர்ந்து, அதே தகுதிக்குரிய வேலையில் இரண்டு ஆண்டுகள் இருந்தால், பிற நிபந்தனைகளும் நிறைவேறும்போது நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

இரட்டை முறையில் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலிருந்தே பயிற்சிக் குறிப்பேட்டை எழுதத் தொடங்குங்கள். என்ன வேலை செய்தீர்கள், பள்ளியில் என்ன பாடம் நடந்தது என்று அதில் எழுதி, பயிற்றுநரிடம் தவறாமல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்துகளோடு கூடிய குறிப்பேட்டைக் காட்டினால்தான் இறுதித் தேர்வுக்கு அனுமதிப்பார்கள்.